இறக்கைக்காரிகளும் இராக்கம்மாவின் விளக்கும்

கல்லோடைத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் தன் காலத்தில் ஒரு தேக்கரண்டிகூடக் காணாமல் போனதில்லை என்று ஜீவராணி சொல்வாள். சொல்லும்போது குரலில் பெருமை இருக்கும், கொஞ்சம் திமிரும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நின்று, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி, மழையில் நனைந்து, நிறுக்கிற இடத்தில் ஏச்சும் வாங்கிய பிறவி அது. அதிலிருந்து தப்பிப் பங்களாவுக்குள் நுழைந்து, நம்பிக்கையான ஆள் என்று பெயர் எடுத்தவள், அந்தப் பெயரைத் தவிர வேறு எதை வைத்துத் திமிர் பண்ணுவாள்?

பதுளையிலிருந்து பசறைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, மாரியம்மன் கோயில் வளைவில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மேலே ஏறினால் பங்களா வரும். ஜீவராணியின் புருசன் புவனேந்திரன் கசிப்பைக் குடித்துக் குடித்து ஈரலைக் கரைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, மகள் மதுஷா இடுப்பில் இருந்த பிள்ளை. அப்போதிருந்த துரைசாணிக்கு வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கங்காணி இவளைக் காட்டினார். குசினிக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தார்கள்.

முதல் நாளே துரைசாணி அவளை ஹாலுக்குள் கூட்டிப்போய், குளிர்காயும் சிம்னிக்கு மேலே இருந்த தட்டைக் காட்டினாள். அங்கே வரிசையாக நின்ற சாமான்களைப் பார்த்து ஜீவராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உருண்டையின் மேல் ஒற்றைக் காலில் நிற்கும் இரண்டு பெண்கள். முதுகில் இறக்கை, தலைக்கு மேல் தூக்கிய கையில் மெழுகுதிரி செருகும் கிளைகள். நடுவில் ஒரு மணிக்கூடு; அதன் மேல் ஒருத்தி யாழைக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஓரத்திலும் ஆட்டுத்தலை பதித்த, மூடி போட்ட சொம்புகள். எல்லாம் புகை படிந்து கறுத்துக் கிடந்தன. ஆதியில் தோட்டத்தை வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை பிரெஞ்சுக்காரி ஒருத்தியைக் கட்டினாராம். அவள் சீதனமாகக் கப்பலில் கொண்டுவந்தவையாம். அவர்கள் போன பிறகு அரசாங்கம் தோட்டத்தை எடுத்தது, அப்புறம் கம்பனி எடுத்தது, தோட்டத்தை நடத்தத் துரைமார் வந்தார்கள், போனார்கள். இறக்கைக்காரிகள் மட்டும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டே இருந்தார்கள்.

“இதெல்லாம் கறுப்பு. பளபளன்னு வரணும்” என்றாள் துரைசாணி.

எதைப் போட்டு என்று அவள் சொல்லவில்லை. ஜீவராணியும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பித்தளையோ வெண்கலமோ, புளியும் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் இருந்தால் போதும் என்பது பிறந்த வீட்டிலேயே படித்த பாடம். வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்காமல் அவளுக்குப் பச்சைத் தண்ணீர் இறங்காது. இறக்கைக்காரிகளைப் பிள்ளைகளைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு பின்பக்கத்துப் பைப்படிக்குப் போனாள்.

இறக்கைகளும் பாவாடைக் கரையும் ஒரு தேய்ப்பிலேயே மின்னின. உடம்பும் முகமும்தான் பிடிவாதம் பிடித்தன. எவ்வளவு தேய்த்தாலும் மாவு பூசியதுபோல ஒரு மங்கல். “எத்தன வருசமாக் குளிக்கலையோ இவளுக” என்று திட்டிக்கொண்டே ஜீவராணி இன்னும் கொஞ்சம் சாம்பல் அள்ளினாள். ஒரு வெள்ளிக்கிழமையில் முடியவில்லை. விடுகிற ஆளா அவள்? அந்த மங்கலை வருசக்கணக்காகத் துரத்தி, கடைசியில் கன்னம், கழுத்து, மார்பு, தொடை என்று எல்லா இடமும் ஒரே பளபளப்பாகப் பளபளக்க வைத்தாள். நிறம் கொஞ்சம் வெளிறித்தான் போயிற்று. சுத்தமானால் எதுவும் வெளிறத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

துரைமாருக்கு மெத்தச் சந்தோசம். விருந்தாளிகள் வந்தால் முதலில் சிம்னியைத்தான் காட்டுவார்கள். பெரிய கிளாக்கர் பத்மநாதன் யாழ்ப்பாணத்து மனிதர், வீண் வார்த்தை பேசாதவர். அவரே பதுளைக் கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் பங்களாக் கணக்கில் புளி வாங்கிவந்து, “இந்தா ஜீவராணி, உன்ர பொம்பிளையளுக்கு மஞ்சள் நீராட்டு” என்று கொடுப்பார். கடைசியாக வந்த துரை, நத்தார்ப் பண்டிகைக்கு வந்த சினேகிதர்களுக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்து, இவள் கைதான் இந்தப் பளபளப்பு என்று சொன்னார். அவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

பங்களாச் சாமான்களோடு சேர்த்து, அதே பைப்படியில், அதே புளியில், ஜீவராணி தன்னுடைய விளக்கையும் தேய்ப்பாள். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா இராக்கம்மா கொடுத்தது. அம்மா மீரியபெத்தவில் கொழுந்தெடுத்தவள். பதுளையில் விளக்கை வாங்கிய கையோடு, ஏனம் வாங்கினால் பெயர் வெட்டத்தானே வேண்டும் என்று, அதன் பாதத்தில் உளியால் புள்ளி புள்ளியாகத் தன் பெயரை வெட்டிக் கொடுத்தாள். மகள் பெயரை வெட்டாமல் தன் பெயரை ஏன் வெட்டினாள் என்று புவனேந்திரன் கேலி செய்தபோது, “நான் குடுத்ததுன்னு ஒனக்கு நெனப்பு இருக்கணும்ல” என்றாளாம்.

இரண்டாயிரத்துப் பதினான்கில் மீரியபெத்தவில் மலை இறங்கியது. ஒரு காலை நேரம். லயம் லயமாக வரிசை வீடுகள் மண்ணுக்குள் போயின. ஜீவராணி கொஸ்லந்தைக்கு ஓடிப்போய், பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்த சனத்துக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அம்மா அங்கே இல்லை. பெக்கோ இயந்திரம் தோண்டுவதைச் சேற்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு கிடைக்கவில்லை. ஒரு சேலை, ஒரு போட்டோ, அடையாள அட்டை எதுவும் கிடைக்கவில்லை. இராக்கம்மா என்று ஒருத்தி இந்த மலைநாட்டில் வாழ்ந்தாள் என்பதற்குப் பங்களாவின் பின்னறையில் இருந்த விளக்கு ஒன்றுதான் மிச்சம். அதற்குப் பிறகு ஜீவராணி அதை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அம்மாவுக்குச் செய்ய வேறு என்ன இருந்தது?

போன வருசம் கம்பனிக்காரர்கள் பங்களாவை ஹோட்டலுக்குக் குத்தகைக்குக் கொடுப்பதாகப் பேச்சு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வெள்ளைக்காரத் துரை மாதிரி ஒரு நாள் இருந்து பார்க்க ஆசைப்படுகிறார்களாம். கொழுந்தெடுக்கிறவள் மாதிரி ஒரு நாள் இருக்க எவனும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. சிம்னி மேல் இருக்கும் சாமான்கள் பழமையானவை, மூலப் பொலிவோடு இருக்கின்றன என்று துரை தன் வாயாலேயே ஹோட்டல்காரர்களுக்கு உறுதி சொல்லியிருந்தார். அந்தச் சாமான்களுக்காகவே அவர்கள் இந்தப் பங்களாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர்கள் வந்த நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தது ஜீவராணியின் கெட்ட காலம். பைப்படிக்குப் பக்கத்தில், வெயில் விழும் இடத்தில் பலகை போட்டு, கழுவியவற்றை வரிசையாகக் காயவைத்திருந்தாள். இறக்கைக்காரிகள், ஆட்டுத்தலைச் சொம்புகள், ஈரத்துணியால் துடைத்த மணிக்கூட்டுக்காரி. வரிசையின் கடைசியில் அவளுடைய விளக்கு. துரையும் ஹோட்டல் மேடமும் பத்மநாதனும் வருவதைக் கண்டு சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். இன்றைக்கும் கைதட்டுவார்கள் என்றுதான் நினைத்தாள், பாவி மகள்.

அவர்களோடு ஸரூக் என்று ஒருவர் வந்திருந்தார். கொழும்பில் பழைய சாமான் வியாபாரம். அவர் பலகையைப் பார்த்ததும் நடையை நிறுத்தினார். குந்தி உட்கார்ந்து ஒரு இறக்கைக்காரியை எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். புளிப் பாத்திரத்தையும் சாம்பலையும் பார்த்தார். பிறகு பொம்மையைத் திருப்பி, தூக்கிய கையின் கக்கத்தை மேடத்துக்குக் காட்டினார். நார் போகாத அந்த இடுக்கில், முட்டையின் மஞ்சள்கரு நிறத்தில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

“இதுதான் மேடம் இதுட சரியான நெறம். இது பித்தள இல்ல. வெங்கலம், அதுக்கு மேல தங்கம். பாரிசுல செஞ்சது, எரநூறு வருசமாவது இருக்கும். பாதரசத்துல தங்கத்தக் கரைச்சுப் பூசி நெருப்புல காட்டுவாங்க. அந்தப் பொகையக் குடிச்சே வேலக்காரன் மவுத்தாப் போவான். றெக்கைய மினுக்கி, ஒடம்ப வேணுமெண்டே மங்கலா விட்டிருப்பான். அந்த மங்கல்தான் வேல. இப்ப ரெண்டும் ஒண்டாப் போச்சு. தங்கமுமில்ல, வேலயுமில்ல.”

ஜீவராணி வருசக்கணக்காக அழுக்கு என்று துரத்திய மங்கல், எவனோ ஒருவன் உயிரைக் கொடுத்து வைத்த மங்கல். ஏற்றியவனையும் அந்தத் தங்கம் விடவில்லை, இறக்கியவளையும் விடப்போவதில்லை. இது அவளுக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிவதால் சொல்கிறேன்.

துரையின் முகம் சிவந்தது. உறுதி சொன்ன வாயல்லவா? “யார் இத தேய்க்கச் சொன்னது?” என்று கேட்டார்.

“தொரைங்கதானே சொன்னீங்க. எல்லாத் தொரையும் சொன்னாங்க. பளபளன்னு இருக்கணும்னு.”

“நானா? நான் தூசி தட்டத்தான் சொன்னேன்.”

ஜீவராணி பத்மநாதனைப் பார்த்தாள். அவர் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். அவருக்கு வேலைக்காலம் முடிந்து, நீட்டிப்புக்குத் துரையின் கையெழுத்தை எதிர்பார்த்திருந்த நேரம் அது.

அப்போது ஹோட்டல் மேடம் சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்: அவ்வளவு தங்கமும் எங்கே போயிற்று?

“தண்ணியோட போகும் மேடம்” என்றார் ஸரூக் உடனே. “அத ஒருத்தருக்கும் சேத்து எடுக்க ஏலா.” நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? துரைக்கு அந்தக் கேள்வி கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. “அது யாருக்குத் தெரியும்?” என்றார். அந்த மூன்று சொல்லோடு ஜீவராணி தெரியாமல் கெடுத்தவள் இல்லை, தெரிந்து எடுத்தவள் ஆகிவிட்டாள். தங்கம் உண்மையில் போன இடம் பைப்படிக்குக் கீழே இருந்த கீரைப் பாத்தி. அந்தக் கீரையைக் கடைந்து தின்றவரும் துரைதான்.

மேடத்தின் ஆள் ஒருவன் வெள்ளை ஸ்டிக்கர் சுருளோடு வந்து, பலகையில் இருந்த ஒவ்வொன்றிலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போனான். மிஞ்சியதையாவது பத்திரப்படுத்த வேண்டுமாம். இறக்கைக்காரி, இறக்கைக்காரி, சொம்பு, சொம்பு, மணிக்கூடு. பிறகு விளக்கு.

“ஐயோ, அது என்னோடதுங்க” என்று ஜீவராணி முன்னால் வந்தாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு நடந்த பிறகும் இன்னொன்றுக்குக் கை நீட்டுகிறாளே என்ற பார்வை.

“பங்களாவுல இருக்கிறது எல்லாம் பங்களா சாமான்” என்றார் துரை.

“இல்லைங்க தொர. எங்கம்மா குடுத்தது. பேரு வெட்டியிருக்கு. கிளாக்கரய்யா பாத்திருக்காங்க. இந்தாங்க பாருங்க, இராக்கம்மான்னு.”

விளக்கைத் தூக்கிப் பாதத்தை வெயிலுக்குத் திருப்பினாள். பித்தளை கண்ணைக் கூசவைத்தது. பெயரைக் காணவில்லை. மறுபக்கம் திருப்பினாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். விரலால் தடவினாள். வழவழப்பு. ஒரு புள்ளிகூடத் தட்டுப்படவில்லை. எப்போது போயிற்று? அங்கே பெயர் இருக்கிறது என்ற நினைப்பிலேயே இருந்தவள், அது இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. மண்ணுக்கு எட்டாமல் தப்பிய ஒரே ஒரு பெயரை, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மஞ்சள் குங்குமம் வைக்கும் முன்பு, தன் கையாலேயே தேய்த்து அழித்திருந்தாள். அந்த நிமிசத்தில் அவள் வயிறு எரிந்தது துரைமேல் இல்லை.

“ஐயா, நீங்க சொல்லுங்கய்யா. நீங்கதானே அன்னிக்குப் புளி குடுக்க வந்தப்ப எழுத்தக் கூட்டிப் படிச்சு, ஆரிந்த இராக்கம்மான்னு கேட்டீங்க.”

பத்மநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குச் சரியா ஞாபகமில்லை” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பொறு ஜீவராணி, பிறகு ஆறுதலாக் கதைப்பம்” என்றார். அந்தப் பிறகு வரவே இல்லை.

பொலிசுக்குப் போகாமல் விட்டதே பெரிய தயவு என்று சொல்லி அவளை அனுப்பினார்கள். மதுஷாவும் மருமகன் சுரேசும் இருந்த லயத்து ஒற்றையறைக் காம்பராவில் ஒரு மூலை கிடைத்தது. அரசல் புரசலாகப் பேச்சு அவளுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. லயத்துப் பைப்படியில் பெண்கள் மதுஷாவின் காதுத் தோட்டை உற்றுப் பார்த்தார்கள். மாரியம்மன் கோயில் விளக்குகளைத் தேய்க்க அடுத்த வெள்ளிக்கிழமை ஜீவராணி போனபோது, கோயில் கமிட்டியில் ஒருவர், “இனிமே நாங்க பாத்துக்கிறோம்க்கா” என்றார், மிக மரியாதையாக. யூனியன் தலைவரிடம் போய் விளக்கைப் பற்றிச் சொன்னாள். “ஒரு வெளக்குக்காக வேல நிறுத்தமா பண்ண முடியும்?” என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஹோட்டல் திறந்தார்கள். ஆங்கிலம் தெரிந்த தோட்டத்துப் பிள்ளை வேண்டும் என்று மதுஷாவைக் கூப்பிட்டு வாசலில் வரவேற்கிற வேலை கொடுத்தார்கள். துரையின் சிபாரிசு. வாயை அடைக்கிற சோறு என்று ஜீவராணிக்குத் தெரியும். மதுஷாவுக்கும் தெரியும். முதுகெலும்பில் அடிபட்டு மலைவேலைக்குப் போக முடியாமல் கிடந்த சுரேசுக்கும் தெரியும். ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜீவராணி தானே மகளுக்குச் சேலை மடிப்பு எடுத்துவிட்டாள்.

மாதங்கள் போயின. ஒரு நாள் மகள் சோற்றுப் பெட்டியை மறந்துவிட்டுப் போக, ஜீவராணி அதை எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு ஏறினாள். விருந்தாளிகள் இல்லாத பகல் நேரம். வாசல் வழியாகத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தவள், மதுஷாவின் மேசைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

இறக்கைக்காரிகள் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். கையில் மெழுகுதிரிக்குப் பதில் பல்பு. அவர்களுக்கு நடுவில், சிவப்புத் துணி விரித்த பெட்டியின் மேல் விளக்கு. எதையும் இனி யாரும் தேய்க்கவே கூடாது என்று ஸரூக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிரெஞ்சுச் சாமானுக்குச் சொன்னதை அவர்கள் விளக்குக்கும் சேர்த்துக்கொண்டார்கள். எண்ணெய் காணாமல், புளி காணாமல், அது கறுத்துப் போயிருந்தது. அடியில் பச்சையாகக் களிம்பு.

“இப்பிடியா வச்சிருக்கானுக” என்று ஜீவராணியின் கை தானாக நீண்டது.

“அம்மா, தொடாதீங்க. கேமரா இருக்கு” என்றாள் மதுஷா.

கையை இழுத்துக்கொண்டாள். குனிந்து மட்டும் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். கறுத்த பாதத்தில், பளபளப்பில் கண்ணுக்கும் விரலுக்கும் தட்டுப்படாமல் போயிருந்த பள்ளங்களில் களிம்பு இறங்கியிருந்தது. பச்சைப் புள்ளிகள். ஒன்றை அடுத்து ஒன்று, வளைந்து, நெளிந்து. ஓர் ‘இ’. ஒரு ‘ரா’. அப்புறம் கொஞ்சம் தேய்ந்து, கடைசியில் மங்கலாக ஒரு ‘மா’. அவள் தேய்த்தபோது போனது, அவள் தேய்க்காமல் விட்டதும் திரும்பி வந்திருந்தது.

“மதுஷா, இங்க வா. அம்மாயி பேரு. நல்லாப் பாரு, தெரியுது. இப்ப யாருகிட்ட வேணும்னாலும் காட்டலாம். மேடத்துக்கிட்டக் காட்டலாம். நான் பொய் சொல்லலைன்னு...”

மதுஷா வந்தாள். குனிந்தாள். வாசித்தாள், உதடு அசைந்ததை ஜீவராணி கண்டாள். கீழே வளைவில் ஒரு வேன் ஏறி வரும் சத்தம் கேட்டது.

“வீட்டுக்குப் போங்கம்மா. கெஸ்ட் வர்றாங்க” என்றாள் மதுஷா. அவள் குரல் கெஞ்சியது. ஜீவராணி நகரவில்லை. மதுஷா சேலையைச் சரிசெய்துகொண்டாள், சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள், பிறகு இரண்டு கையாலும் விளக்கைப் பிடித்து, பெயர் இருந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.